நாளைக்கு அறுபத்தைந்து!

"ஐயய்யோ...!"

ஆறாவது மாடியில் கிளம்பிய அலறல் படிக்கட்டு வழியாக இறங்கித் தரைத்தளம் வரை வந்தது.

ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

காரணம் உண்டு. அலறியது அலாரம்! அந்த அடுக்குமாடியில் அந்த அம்மாளுக்கு அதுதான் பெயர். பால் பொங்கினால் அலறுவாள். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் அலறுவாள். கணவன் துண்டை நாற்காலியில் போட்டால் அதற்கும் ஒரு அலறல் உண்டு.

ஆனால் இந்த முறை அலறல் நிற்கவே இல்லை...

அலுத்துப்போய் எட்டிப் பார்த்த கீழ்வீட்டுக்காரர் தான் பார்த்ததை நம்ப முடியாமல் போலீஸுக்குப் போன் செய்தார்.

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில், குப்புறக் கிடந்தார் லிஃப்ட்காரர். அலாரத்தின் கணவர். முப்பது வயதுக்கு மேல் ஊரை விட்டு இந்த அயல்நாட்டுக்கு வந்து, ஊரிலுள்ள லிஃப்டுகளை எல்லாம் பழுது பார்த்தே தலை நரைத்தவர். "கதவு திறக்கறதுக்கு முன்னாடி காலை வைக்காதீங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

ஆயுசு முழுக்க லிஃப்டை நம்பிப் பிழைத்தவர் படிக்கட்டில் செத்துக் கிடந்தார். விதிக்குக் குசும்பு அதிகம்!

இன்ஸ்பெக்டர் வந்தார். பெண். அந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த இரண்டே பேரில் ஒருவர்; இன்னொருவன் கூட வந்த கான்ஸ்டபிள். தமிழை அம்மாவிடம் கற்றுக்கொண்டவர், சந்தேகப்படுவதை வேலையில் கற்றுக்கொண்டவர்.

"வழுக்கி விழுந்திருப்பார் மேடம்" என்றான் கான்ஸ்டபிள். "பாருங்க, கையில பாதி சிகரெட். பொண்டாட்டிக்குத் தெரியாம திருட்டு தம் அடிக்க இங்க வருவாராம். எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்."

"குப்புற விழுந்திருக்கார்."

"ஆமா மேடம்."

"அப்ப பின்மண்டையில எப்படிய்யா அடி?"

கான்ஸ்டபிள் குனிந்து மறுபடியும் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். ஒரு கொக்கி. கொக்கியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு அழுக்குப் படாமல் வெள்ளையாக இருந்தது.

"இங்க என்ன தொங்கிச்சு?"

"தீயணைக்கிற சிலிண்டர் மேடம். எல்லா மாடியிலயும் இருக்கு. இங்க மட்டும்..."

"காணோம். தேடு! குப்பைத்தொட்டி, மொட்டை மாடி, வண்டி நிக்கிற இடம், ஒண்ணையும் விடாதே."

"சரி மேடம். அப்புறம்... இவர் பர்ஸ்ல இருந்த அடையாள அட்டை."

இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஏறினார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை நடுவில் ஒரு கேக். அதன் தலையில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று ஆறு, இன்னொன்று ஐந்து.

இன்ஸ்பெக்டர் கேக்கைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"மாமாவுக்குத்தான் மேடம். நாளைக்கு அறுபத்தஞ்சு." சோபாவிலிருந்து எழுந்து வந்தான் மாப்பிள்ளை. மகளைக் கட்டியவன். "நான்தான் காலையிலயே கேக் வாங்கிட்டு வந்தேன். என் ஒய்ஃப் வெளியூர்ல வேலையா இருக்கா, கிளம்பிட்டா, வந்துகிட்டிருக்கா. கேக்குக்கு மெழுகுவத்தி தனிக் காசுன்னான் மேடம், அதையும் நான்தான்..."

"இப்ப அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்!" மூலையிலிருந்து வெடித்தாள் அலாரம். அழுது அழுது கண் வீங்கியிருந்தாலும் தொண்டை மட்டும் வீங்கவில்லை. "தாலி கட்டினவர் போயிட்டாரு, இவருக்கு மெழுகுவத்திக் காசு!"

"பாத்தீங்களா மேடம்? இப்படித்தான் எரிஞ்சு விழுவாங்க. மாமா கிட்டயும் இப்படித்தான். இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க!"

"என்ன நடந்துச்சு?"

"பெரிய சண்டை. கட்டடமே கேட்டுச்சு. கடைசியா அத்தை சொன்னது என்ன தெரியுமா... 'நீ செத்தாத்தான்யா எனக்கு நிம்மதி'ன்னு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். தினமும்தான் சொல்றேன். முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன்!" குரல் திடீரென்று உடைந்தது. "இன்னைக்குன்னு பாத்து அந்த மனுஷன் கேட்டுத் தொலைச்சிட்டாரே..."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாகக் கணவன் காதில் விழுந்த தன் வார்த்தை அதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அழுகையில் சத்தமே இல்லை.

இன்ஸ்பெக்டர் இரக்கப்படவில்லை. அது அவர் சம்பளத்தில் சேர்த்தியில்லை.

"எதுக்காகச் சண்டை?"

"பணம்."

"என்ன பணம்?"

அலாரம் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்."

"கொலை கேஸும்மா இது!"

"தூக்குல போட்டாலும் இந்த ஆள் காதுபட சொல்ல மாட்டேன்!"

"மேடம், நான் சொல்றேன் என்ன பணம்னு" என்றது வாசலில் ஒரு புதுக் குரல்.

கழுத்தில் நீல டை. கையில் கறுப்புப் பை. முகத்தில் அளவெடுத்துத் தைத்த சோகம்.

"யார் நீங்க?"

"முதலீட்டு ஆலோசகர் மேடம். புதுசா இந்த நாட்டுக்கு வர்ற நம்ம ஆளுங்களுக்கு இங்கத்து பென்ஷன், வரி, சேமிப்பு, ஒண்ணும் புரியாது. நான்தான் எல்லாருக்கும் பாத்துக் குடுக்கறேன். அண்ணனோட பணம் முழுக்க என் மூலமாத்தான். மாப்பிள்ளை போன் பண்ணார். அலறியடிச்சு ஓடி வர்றேன்..."

"வந்துட்டான் டைக்காரன்!" அலாரம் பல்லைக் கடித்தாள். "ஏம்மா, இவனை எனக்கு ஆகவே ஆகாது. நாங்க ரெண்டு பேரும் மாடு மாதிரி உழைச்ச காசு. அவரு லிஃப்ட் குழிக்குள்ள எறங்கினாரு. நான் ஆபீஸ் ஆபீஸாப் போய்க் கக்கூஸ் கழுவினேன். பாங்க்ல கெடக்கட்டும்னு சொன்னேன். கேட்டாரா? இவன் கிட்ட அள்ளிக் குடுத்தாரு!"

"அக்கா துக்கத்துல பேசறாங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றான் டைக்காரன், பெருந்தன்மையாக.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. அந்தப் பணம் எங்க இருக்கு?"

"ஓய்வுக்கால நிதியில மேடம். அண்ணன் எடுத்த திட்டம் எப்படின்னா... அறுபத்தஞ்சு வயசு முடியற அன்னைக்கு மொத்தப் பணமும் பென்ஷனா மாறிடும். அண்ணன் உயிரோட இருக்கற வரைக்கும் மாசாமாசம் வரும். அவரோட முடிஞ்சு போயிடும். அக்காவுக்குச் சல்லிக்காசு கிடைக்காது."

"அறுபத்தஞ்சுக்கு முன்னாடி செத்துட்டா?"

டைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லவே பிடிக்காதவன் போல இழுத்தான்.

"அதைச் சொல்ல எனக்கு வாய் வரல மேடம்... முழுப் பணமும் மொத்தமா அக்காவுக்கு!"



"அதாவது" என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக, "நாளைக்கு விடிஞ்சிருந்தா..."

"ஆமா மேடம். நாளைக்கு அண்ணனுக்கு அறுபத்தஞ்சு. விடிஞ்சிருந்தா எல்லாம் பென்ஷன். இன்னைக்கே போயிட்டதால எல்லாம் அக்காவுக்கு. நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஒருத்தரோட கடைசி நாள் இவ்வளவு கரெக்டா அமையுமா?"

"அத்தை...!" மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினான். "ஒரே வீட்டுல உக்காந்து உங்க கையால சாப்பிட்டிருக்கேனே!"

"டேய்! டைக்காரா!" அலாரம் பாய்ந்து எழுந்தாள். "என்னடா உளர்றே? அவருக்கு எங்கடா..."

"நிறுத்துங்க!"

இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் கேக்கின் மேலிருந்த ஐந்து சாய்ந்து விழுந்தது.

"இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுந்திரிங்க. சமையல்கட்டுக்கு நடங்க. உங்க கிட்ட தனியா பேசணும்."

"என்னைக் கைது பண்ணப் போறியா?"

"நடங்கன்னு சொன்னேன்!"

அலாரம் நடந்தாள். சாவுக்கு அழுது முடிக்கும் முன்பே ஜெயில் வந்து நிற்கிறதே என்ற பயத்தில் அவளுக்கு முதல்முறையாகக் கத்த மறந்து போயிருந்தது. டைக்காரன் மெல்ல மூச்சு விட்டான்.

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது.

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"சத்தம் போடாம பதில் சொல்லுங்க. இந்த அட்டைப்படி உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் அறுபத்து மூணுகூட ஆகல. பிறந்த மாசமும் வேற. ஆனா வெளியில கேக்ல அறுபத்தஞ்சு இருக்கு. எது பொய்?"

"ரெண்டும் நிஜம்தான்."

"ஒருத்தர் ரெண்டு தடவை பொறந்தாரா?"

"நீ இங்கயே பொறந்து வளந்த பொண்ணு, உனக்கு எங்க தெரியப்போவுது!" அலாரம் மூக்கை உறிஞ்சினாள். "கேக்ல இருக்கறது அவங்கம்மா பெத்த தேதி. அட்டையில இருக்கறது பள்ளிக்கூடத்துல பெத்த தேதி."

"புரியல."

"ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறப்ப எங்க மாமனார் ஹெட்மாஸ்டர் கிட்டச் சொல்லி வயசைக் குறைச்சுப் போட்டுட்டாரு. பையன் பின்னால சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனா ரெண்டு வருஷம் கூடுதலா சம்பளம் வாங்கலாம்ல? அப்பல்லாம் வீட்டுக்கு வீடு இதுதான். பள்ளிக்கூடத்துல எழுதினதுதான் பாஸ்போர்ட்ல, பாஸ்போர்ட்ல இருக்கறதுதான் இங்க எல்லாத்துலயும். வீட்டுல கேக் வெட்டறது மட்டும் நிஜ தேதிக்கு."

"அப்ப நாளைக்கு அவருக்கு பென்ஷன்..."

"எங்கேர்ந்து வரும்? ரெண்டு வருஷத்துக்கு மேல கெடக்கு! அதைச் சொல்லித்தான் பொலம்பிக்கிட்டே இருப்பாரு. 'எங்கப்பா எனக்காக ரெண்டு வருஷம் சேத்து வச்சாரு, இந்த நாட்டுக்காரன் அதை வட்டியோட பிடுங்கிட்டான்'னு. அதைத்தான் அந்த டைக்காரன் கிட்ட சொல்ல வந்தேன். நீதான் வாயை மூடுன்னுட்டே!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு.

"நல்லவேளை மூடினீங்க."

"ஏன்?"

"நாளைக்குப் பணம் மாறப் போறதில்லன்னா, இன்னைக்கே அவரைக் கொல்ல உங்களுக்கு அவசரம் இல்ல. அது தெரியாத ஒருத்தருக்குத்தான் அவசரம்."

 

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி வந்து டைக்காரன் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க உதவி இல்லன்னா இந்த கேஸ் எனக்குப் புரிஞ்சே இருக்காது சார்."

"என் கடமை மேடம்."

"ரிப்போர்ட் எழுதணும். ரெண்டு மூணு கேள்வி. இவரோட நிதிக் கணக்கைத் திறந்தது யாரு?"

"நான்தான் மேடம். என் கையால."

"அவரோட பாஸ்போர்ட்டைப் பாத்தீங்களா?"

"பின்னே? பாஸ்போர்ட் இல்லாம இந்த நாட்டுல ஒரு கணக்கும் திறக்க முடியாது. பக்கம் பக்கமாப் பாத்துத்தான் பதிவு பண்ணேன்."

"பிறந்த தேதியும் நீங்களே பதிவு பண்ணீங்களா?"

"அதுதானே மேடம் முக்கியம்! அதை வச்சுத்தான் பென்ஷன் எப்ப ஆரம்பிக்கும்னு முடிவாகும். ஒரு நாள் தப்பினாலும் எல்லாம் தப்பிடும்."

"அப்ப உங்களுக்கு நல்லா நினைவிருக்கும்."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாளைக்குத்தான். நாளைக்கு அறுபத்தஞ்சு."

இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையை மேஜையில் வைத்தார். கேக் பக்கத்தில். மெதுவாக அவன் பக்கம் தள்ளினார்.

"படிங்க."

டைக்காரன் படித்தான்.

மறுபடியும் படித்தான்.

டை கழுத்தை இறுக்கியது போல இருந்தது. விரலை விட்டுத் தளர்த்தினான்.

"இது... இது ஏதோ தப்பா..."

"பாஸ்போர்ட்லயும் இதேதான் சார். இந்த நாட்டு ரெகார்ட் எல்லாத்துலயும் இதேதான். நிஜமாவே கணக்கு திறந்திருந்தா இந்தத் தேதியைத்தான் நீங்க பதிவு பண்ணியிருக்கணும். உங்களுக்கு ஏன் கேக்ல இருக்கற தேதி மட்டும் தெரியுது?"

"அது வந்து மேடம்... வயசாகுதுல்ல, மறதி..."

"தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன்னீங்களே!"

மாப்பிள்ளை மெல்ல நகர்ந்து, சமையலறை வாசலில் வந்து நின்ற அலாரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன்.

"நான் சொல்லவா?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "கணக்கே இல்ல! நிதியும் இல்ல, பென்ஷனும் இல்ல! இவங்க ரத்தத்தை வித்து சேத்த காசு ஒரு பைசாகூட அங்க போகல. மாசாமாசம் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி ஏமாத்தியிருக்கே. நாளைக்கு அறுபத்தஞ்சு, பென்ஷன் எங்கேன்னு கேப்பாருன்னு பயந்துட்டே!"

"பொய்! ஆதாரம் இருக்கா? என்ன ஆதாரம்?"

"மேடம்!"

வாசலில் கான்ஸ்டபிள். மூச்சு வாங்கியது. கையுறை போட்ட கைகளில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர். அதன் அடிப்பக்கத்தில் இன்னும் ஒரு சிவப்பு.

"கீழ நிக்கிற கார்ல இருந்துச்சு மேடம். பின்சீட்டுல, கோட்டுக்கு அடியில. கண்ணாடி வழியா கைப்பிடி தெரிஞ்சுது."

"யார் காரு?"

கான்ஸ்டபிள் டைக்காரனைப் பார்த்தான். எல்லோரும் டைக்காரனைப் பார்த்தார்கள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை டை கட்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எங்கேயாவது ஆத்துல போடலாம்னுதான் கிளம்பினேன்..." அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். "அதுக்குள்ள மாப்பிள்ளை போன் பண்ணி 'உடனே வாங்க'ன்னுட்டார். வரலன்னா சந்தேகப்படுவாங்களேன்னு..."

"பணம் எங்கேடா?" அலாரம் கேட்டாள். அலறவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"போச்சு அக்கா. ஷேர்ல போட்டேன். ரெண்டு மடங்காக்கித் திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன். எல்லாம் போச்சு..."

"அவரு உனக்கு என்னடா பாவம் பண்ணாரு? தம்பி தம்பின்னு உசிரை விட்டாரேடா!"

"நேத்து போன் பண்ணார் அக்கா. 'நாளான்னைக்கு என் பிறந்தநாள், கட்டாயம் வா, பணத்தைப் பத்தி முக்கியமாப் பேசணும்'னார். பணத்தைத் திருப்பிக் கேக்கப் போறார்னு நினைச்சுட்டேன். தம் அடிக்க எங்க வருவார்னு தெரியும், நானும் அவரும் அங்கதான் பேசிப்போம். இன்னைக்கு அவரே எனக்கும் ஒரு சிகரெட்டை நீட்டினாரு... புகையை ஊத அந்தப் பக்கம் திரும்பினப்ப..."

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

அலாரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கலந்து வந்த அந்தச் சத்தத்தில் கான்ஸ்டபிளே ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"ஏம்மா, காலையில எதுக்குச் சண்டைன்னு கேட்டியே... இப்பச் சொல்றேன். ஊர்ல அவரு பங்குக்கு வந்த மனையை வித்தாரு. அந்தக் காசு போன வாரம் பாங்க்ல வந்து விழுந்திருக்கு, ரெண்டு பேர் பேர்லயும். அதையும் இந்த டைக்காரன் கிட்டக் குடுத்துப் போட்டு வைக்கறேன்னாரு. கூடாதுன்னு நான் கத்தினேன். கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அதுக்குத்தான்டா உன்னைக் கூப்பிட்டாரு!"

டைக்காரன் தலையைத் தூக்கினான்.

"என்னது...?"

"உன் கிட்டப் பணம் கேக்க இல்லடா பாவி! குடுக்கக் கூப்பிட்டாரு!"

டைக்காரனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. விலங்கு மாட்டும்போதுகூட அவன் அதை மூடவில்லை.

"ரெண்டு வருஷம் அவகாசமும் இருந்துச்சு, கை நிறையப் பணமும் வர இருந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்கதான் சார் முதலீட்டு ஆலோசகர்! நடங்க."

கான்ஸ்டபிள் அவனை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனான்.

அலாரம் கேக்கிலிருந்து விழுந்த ஐந்தை எடுத்து, துடைத்து, பழையபடி ஆறுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். இனி அவள் கத்துவதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

பின்னால் யாரோ செருமினார்கள்.

மாப்பிள்ளை.

"அத்தை... துக்கத்துல இருக்கீங்க, இப்பக் கேக்கக் கூடாதுதான். அந்த மனை வித்த காசு... தனியா இருக்கற நீங்க அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? எங்கிட்டக் குடுத்தீங்கன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல திட்டத்துல..."

அலாரம் மெதுவாகத் திரும்பினாள்.

"உங்க மாமா ஊருக்கெல்லாம் சொன்னதை உங்களுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாரு போலிருக்கு மாப்ள. கதவு திறக்கறதுக்கு முன்னாடி காலை உள்ள வைக்காதீங்க... இப்பத்தான் ஒருத்தன் விழுந்திருக்கான்!"